ரப்பர் தோற்கவில்லை

பின்சக்கரம் உந்தும் பழைய பி.எம்.டபிள்யூவோ மெர்சிடிஸோ வைத்திருப்பவர், ரிவர்ஸிலிருந்து முன்கியருக்கு மாற்றும்போது பின்சீட்டுக்கு அடியில் ‘டொக்’ என்று ஓர் அடி விழுகிறது என்று சொன்னால், விஷயம் தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள்: டிஃப்ரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ் போயிருக்கும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். கூடவே ஓர் அறிவுரையும் வரும். “மறுபடி ரப்பரைப் போடாதீங்க. அது எப்படியும் கிழியும். பாலியூரித்தேன் போட்டுடுங்க, வண்டி இருக்கிறவரைக்கும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.” சொல்பவர் வேகப் பிரியராக இருந்தால் பாலியூரித்தேனும் போதாது, அலுமினியத்தில் கடைந்து போடலாம் என்பார்.

உதிரிபாகக் கடைக்காரர், வண்டி வைத்திருப்பவர்களின் குழுக்கள், நல்ல பெயரெடுத்த மெக்கானிக்குகள் என்று எங்கே கேட்டாலும் இன்று இதே பேச்சுதான். அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. கம்பெனி காசை மிச்சம்பிடிக்க ரப்பரைப் போட்டது, ரப்பர் பலவீனமானது, பலவீனமானதால் கிழிந்தது, கெட்டியானதைப் போட்டால் குறை தீர்ந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூடச் சரியில்லை என்பது என் வாதம். சாலையில் ஓடும் காருக்கு, தேய்ந்த டிஃப்ரன்ஷியல் புஷ்ஷுக்கு மாற்று, அதே வடிவத்தில் அதே மென்மையில் வார்த்த ரப்பர் புஷ்தான். அதைக் கெட்டியாக்குவது பழுதுபார்ப்பதே அல்ல. வடிவமைத்தவர் செய்து முடித்த வேலையைக் கலைப்பது.

நம் ஊர் மெக்கானிக்குகளில் மூத்தவர்கள் இந்த புஷ்ஷோடு வளர்ந்தவர்கள் அல்லர். அம்பாசடரில் டிஃப்ரன்ஷியல் பின் ஆக்சில் ஹவுசிங்கின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பொலேரோவும் அப்படித்தான். சக்கரம் மேடேறினால் ஹவுசிங்கும் சேர்ந்து ஏறும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரத்தைத் திருப்பும் விசை, எதிர்த்திசையில் ஹவுசிங்கையும் திருப்பப் பார்க்கும். அம்பாசடரில் அந்த எதிர்முறுக்கைப் பட்டை ஸ்பிரிங்கே வளைந்து வாங்கிக்கொள்ளும். டிஃப்ரன்ஷியலுக்கும் பாடிக்கும் நடுவில் அந்த ஸ்பிரிங்கும் அதன் ஷாக்கிள் புஷ்களும் இருந்தன. தனியாக ஒரு டிஃப்ரன்ஷியல் புஷ்ஷுக்கு அங்கே வேலையே இல்லை.

சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் பின் சஸ்பென்ஷனில் கதை மாறுகிறது. அங்கே டிஃப்ரன்ஷியல் சக்கரங்களைவிட்டுப் பிரிந்து, காரின் தரைக்கு அடியில், சப்ஃபிரேம் என்ற துணைச்சட்டத்தில் தொங்குகிறது. சக்கரத்தோடு ஏறி இறங்கும் சுமை குறைவதால் சவாரி சுகமாகிறது. ஆனால் அதற்குள் கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்கள் உரசும் ஒலியும் எதிர்முறுக்கும் இப்போது நேராகப் பயணியின் இருக்கைக்குக் கீழே வந்து நிற்கின்றன. 1961-இல் ஜாகுவார் தன் ஈ-டைப்பிலும் மார்க் 10-இலும் இதற்கு ஒரு விடை கண்டது. டிஃப்ரன்ஷியல், டிரைவ் ஷாஃப்டுகள், பிரேக்குகள் எல்லாவற்றையும் ஓர் இரும்புக் கூண்டில் பூட்டி, அந்தக் கூண்டை ரப்பர் கட்டைகள் வழியாகப் பாடியில் தொங்கவிட்டார்கள். பந்தயத்தில் வென்று பெயரெடுத்த கம்பெனி அது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ரப்பரை வைத்தது காசு மிச்சம்பிடிக்க அல்ல. நேராக போல்ட் போட்டு முறுக்கியிருந்தால் செலவு இன்னும் குறைந்திருக்கும்.

செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ 2007-இல் கார்களைப் பூட்டத் தொடங்கியது. அங்கிருந்து முதல் சில ஆண்டுகளில் வெளிவந்த 3 சீரிஸ் கார்கள் இப்போது மூன்றாவது, நான்காவது கைக்கு மாறி, புதிய ஹேட்ச்பேக் விலைக்கும் கீழே கிடைக்கின்றன. அவற்றின் ரப்பருக்கு வயதாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கேள்வி இன்று நம் ஊரின் கேள்வியாகவும் ஆகியிருக்கிறது.

அந்த புஷ் என்ன தாங்குகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை 3.5 மடங்காக்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்டில் 700. கிரவுன் பினியன் அதை 3.2 மடங்காக்கினால் சக்கரங்களுக்குப் போவது 2,240. சக்கரங்களை அவ்வளவு முறுக்கோடு முன்னால் திருப்பும்போது, டிஃப்ரன்ஷியல் கூடு அதே அளவு முறுக்கோடு பின்னால் திரும்பப் பார்க்கும், அதாவது அதன் மூக்கு மேலே எகிறும். முன் புஷ்ஷுக்கும் பின் புஷ்ஷுக்கும் இடையே 32 சென்டிமீட்டர் தூரம் என்றால், ஒரு பக்கத்தை மேலே தள்ளும் விசை 7,000 நியூட்டன், ஏறக்குறைய 700 கிலோ எடை. டிஃப்ரன்ஷியலின் சொந்த எடை சில பத்துக் கிலோதான். காலை எடுத்தால் விசை திசை மாறுகிறது. ரிவர்ஸ் போட்டால் மூக்கு கீழே அழுந்துகிறது. போதாததற்கு ஷாஃப்டின் 700 நியூட்டன் மீட்டர் முறுக்கு, கூட்டைப் பக்கவாட்டிலும் சாய்க்கப் பார்க்கிறது. நகரப் போக்குவரத்தில் இந்த முன்னும் பின்னும் ஒரு நாளில் பல நூறு தடவை நடக்கும்.

“பாருங்கள், 700 கிலோ! இதற்கு ரப்பரா?” என்று எதிர்த்தரப்பு இங்கேதான் பாயும். ஆனால் புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். வெளியே ஓர் உலோக வளையம், நடுவில் போல்ட் நுழையும் உலோகக் குழாய், இரண்டுக்கும் இடையே சூட்டில் வார்த்து இரண்டு உலோகத்தோடும் பிணைத்த ரப்பர். அந்த ரப்பர் முழுத் திண்மமாக இருக்காது. மேலும் கீழும், அல்லது இடமும் வலமும், பிறை வடிவத்தில் இடைவெளிகள் விட்டிருப்பார்கள். விசை சிறியதாக இருக்கும்வரை மெல்லிய ரப்பர்க் கைகள் மட்டும் வேலை செய்யும். விசை பெருகினால் இடைவெளி மூடி, தடித்த ரப்பர்த் தடுப்பில் போய் நிற்கும். அந்த நிலையில் அது கெட்டிதான். ஆக, நிதானமாகப் போகும்போது மென்மை, அழுத்தி மிதித்தால் உறுதி, இரண்டும் ஒரே துண்டில் அமைந்திருக்கின்றன. எந்தத் திசையில் எவ்வளவு என்பதும் தனித்தனியே தீர்மானிக்கப்பட்டது. நிசான் 350இசட்டில் இன்னும் ஒரு படி மேலே போய் புஷ்ஷுக்குள் திரவத்தையே அடைத்திருந்தார்கள். அது கிழிந்து கறுப்பாகக் கசியும் என்பது அந்தக் கார் வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்த தொல்லை. திரவ புஷ்ஷின் ஆயுள் குறைவு என்று குறை சொல்லலாம். சிக்கனத்துக்காகச் செய்தார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது.

பாலியூரித்தேன் புஷ் இந்த அமைப்பில் கைவைக்கிறது. பெரும்பாலானவை இரண்டு பாதிகளாக வரும். உள்ளே தள்ளி, நடுவில் ஒரு குழாயைச் செருகினால் முடிந்தது. ரப்பர் புஷ்ஷின் கடினம் ஷோர் ஏ அளவில் 50-லிருந்து 65-க்குள் இருக்கும். கடையில் கிடைக்கும் பாலி புஷ்கள் 80-லிருந்து 95 வரை. எல்லாரும் இந்த எண்ணைத்தான் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் இடைவெளி போய்விடுவது. அழுத்தும்போது பிதுங்க இடமில்லாத ரப்பர், அதே ரப்பராக இருந்தாலும் பல மடங்கு விறைப்பாகிவிடும். பிறை இடைவெளி இருந்த இடத்தையெல்லாம் கெட்டிப் பொருளால் அடைத்தால் விறைப்பு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். பழைய ரப்பர் புஷ்ஷின் ஓட்டைகளில் செருகுவதற்கென்றே விற்கும் பாலித் துண்டுகளுக்கும் இதே பதில்தான். அந்த ஓட்டை வார்ப்பில் நேர்ந்த குறை என்று நினைப்பவர்தான் அதை அடைப்பார்.

விறைப்பு கூடினால் என்ன என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கிரவுனும் பினியனும் எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்தாலும், பல்லுக்குப் பல் மாறும்போது ஒரு மிக நுண்ணிய தடங்கல் உண்டு. பினியனில் 11 பல், கிரவுனில் 35 பல் என்று கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டிப் போகும்போது ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றும், நொடிக்கு 40. பதினோரு பல்லுக்கும் சேர்த்து நொடிக்கு 440 தட்டு. மனிதக் காது மிக எளிதாகப் பிடித்துக்கொள்ளும் ஒலி இது. மெத்தென்ற புஷ்ஷில் தொங்கும் கூடு, இவ்வளவு வேகமான அதிர்வைத் தன் நிறையாலேயே விழுங்கிவிடும்; சப்ஃபிரேமுக்குப் போவது சொற்பம். அந்தச் சொற்பம் புஷ்ஷின் விறைப்போடு நேராக ஏறும். விறைப்பு நான்கு மடங்கானால் தரைக்குப் போகும் அதிர்வு விசை நான்கு மடங்கு, ஒலியில் 12 டெசிபல். காதுக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல் உரக்கக் கேட்கும். பாலி புஷ் போட்டபின், 80-க்கும் 100-க்கும் நடுவில் ஓர் ‘ஊ...’ என்ற ஊளை புதிதாக வந்திருக்கிறது, டிஃப்ரன்ஷியல் பேரிங் போய்விட்டதோ என்று பயந்து திரும்பவும் ஒர்க்ஷாப் வாசலில் நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். பேரிங்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த ஒலி முன்பும் இருந்தது. அதைத் தடுத்துக்கொண்டிருந்தது புஷ். அதை எடுத்துப் போட்டுவிட்டு, இல்லாத பழுதைத் தேடி நல்ல டிஃப்ரன்ஷியலைக் கழற்றிப் பிரிப்பது வரை போகிறார்கள். இது என்னை உண்மையிலேயே வருத்துகிறது.

“சத்தம்தானே, நான் பொறுத்துக்கொள்வேன்” என்பார்கள். காது பொறுத்துக்கொள்ளும். தகடு பொறுத்துக்கொள்ளுமா என்பதே கேள்வி. பி.எம்.டபிள்யூவின் இ46 வரிசை 3 சீரிஸை வைத்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எவ்வளவோ பேசியாயிற்று. பின் சப்ஃபிரேம் பூட்டும் இடத்தில் பாடியின் தரைத்தகடு விரிசல் விடுவது அந்தக் காரின் பிரபலமான நோய். விரிசலைப் பற்றவைத்து, மேலே பலகைத்தகடு வைத்து உறுதிப்படுத்துவதே ஒரு தனித் தொழிலாகியிருக்கிறது. காரணம் ஒன்றே ஒன்று அல்ல. அந்தத் தகட்டின் அமைப்பே வலுக்குறைந்தது. ஆனால் விரிசலை உண்டாக்குவது ஆக்சிலரேட்டரை மிதித்து எடுக்க, மிதித்து எடுக்க, திசை மாறி மாறி விழும் அந்த எதிர்முறுக்குதான். எதிர்த்தரப்பு இதைத் தனக்குச் சாதகமாகவே காட்டும்: கிழிந்த புஷ் ஆடுவதால் அடி பலமாக விழுகிறது, அதனால் கெட்டியாக்கு என்று. முதல் பாதி உண்மை. கிழிந்த புஷ்ஷோடு ஓட்டவே கூடாது; உலோகம் உலோகத்தில் மோதும் ஒவ்வொரு ‘டொக்’கும் தகட்டில் விழும் சம்மட்டி அடி. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் முடிவு, சீக்கிரம் நல்ல ரப்பரைப் போடு என்பது. விசை ஏறும் நேரத்தைச் சற்றே நீட்டி, அதன் உச்சியைத் தட்டையாக்குகிற ஒரே பொருளை எடுத்துவிட்டால், கிளச்சைப் படாரென்று விடும்போது வரும் அதிர்ச்சி முழு உயரத்தில் தகட்டுக்குப் போகும். தகட்டுக்கும் முன்னால், டிஃப்ரன்ஷியலின் அலுமினியப் பின்மூடியில் புஷ்ஷோ போல்ட்டோ உட்காரும் காதுகளுக்குப் போகும். இப்படிக் காதுள்ள கார்களில், பந்தயப் புறப்பாட்டில் அந்தக் காது முறிவது ஓட்டுநர்கள் அறிந்த விஷயம்.

கூட்டைத் தாங்கும் மூன்று புஷ்களில் பார்க்க மோசமாக இருக்கும் ஒன்றை மட்டும் பாலியாக மாற்றி, மற்ற இரண்டு பழைய ரப்பரை அப்படியே விடும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இது எல்லாவற்றிலும் கெடுதல். கூடு இனி அந்தக் கெட்டிப் புள்ளியை அச்சாக வைத்துத்தான் ஆடும். மூன்றுக்கும் பிரிய வேண்டிய சுமை ஒன்றில் குவியும்; பழைய இரண்டும் சீக்கிரம் கிழியும். எந்தப் பொருளைப் போட்டாலும் மூன்றையும் ஒரே வகையில் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும்.

இனி ஆயுள். “ரப்பர் ரெண்டு வருஷத்துல போயிடும்” என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது? காரோடு வந்த ரப்பர் பத்து ஆண்டுக்கு மேல், லட்சம் கிலோமீட்டருக்கு மேல் உழைத்துவிட்டுத்தான் இன்று கிழிந்திருக்கிறது. அதைப் பலவீனம் என்று எந்த நியாயத்தில் சொல்கிறோம்? இரண்டு வருடத்தில் போனது இரண்டாவது தடவை போட்ட ரப்பர். அது ஏன் போனது என்று யாரும் கேட்பதில்லை. அச்சு அசலாகத் தெரியும் போலிப் பெட்டியில் வந்த மட்ட ரப்பராக இருக்கலாம். பினியன் சீலோ ஆக்சில் சீலோ கசிந்து, கியர் ஆயில் மேலே சொட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். இயற்கை ரப்பர் மினரல் ஆயிலில் ஊறி உப்பி, இளகி, பிணைப்பு விட்டுப்போகும். பாலியூரித்தேன் ஆயிலை நன்றாகவே தாங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆயில் கசிவது புஷ்ஷின் நோய் அல்ல. சீலை மாற்றாமல் ஆயில் தாங்கும் புஷ்ஷைப் போடுவது கசிவை மறைக்குமே தவிர நிறுத்தாது. ஒருநாள் ஆயில் வற்றி கிரவுனே போகும்.

ரப்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மரங்களில் வடியும் பொருளை நாமே மட்டமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். செயற்கை ரப்பர் எத்தனையோ வந்தபின்னும், எஞ்சின் மவுண்டிலும் இப்படிப்பட்ட புஷ்களிலும் இயற்கை ரப்பருக்குத் தனி இடம் இருக்கிறது. இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் வரிசைகட்டிப் படிகமாகின்றன. ஒரு கீறல் விழுந்தால் அதன் நுனியில்தான் இழுவிசை அதிகம்; அங்கேதான் இந்தப் படிகமும் உண்டாகிறது. தனக்கு முன்னால் தானே சுவர் எழுப்பிக்கொள்கிற கீறல் மெதுவாகத்தான் முன்னேறும். கோடிக்கணக்கான தடவை முன்னும் பின்னும் இழுபட வேண்டிய இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறு என்ன வேண்டும்? பாலியூரித்தேனில் சில வகைகள் சூடும் ஈரமும் சேர்ந்தால் நீராற்பகுப்பில் சிதைந்து நொறுங்கும். சைலன்சர் பக்கத்தில், மழைநீர் தெறிக்கும் இடத்தில், கடலோரக் காற்றில் ஓடும் கார்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பிணைத்த ரப்பருக்குள் எதுவும் வழுக்குவதில்லை. ரப்பரே முறுகி நேராகிறது. பாலியில் குழாயும் பொருளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அங்கே கிரீஸ் வேண்டும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், மணல் புகுந்தால் தேயும். ஆயுசுக்கும் பார்க்க வேண்டாம் என்ற வாக்குறுதியின் நிலை இது.

ரப்பர் சீக்கிரம் போவதற்கு மிகப் பெரிய காரணம் போட்ட விதம். இதைத்தான் ஒர்க்ஷாப்கள் ஒப்புக்கொள்ள மறுக்கின்றன. பிறை இடைவெளிகள் குறிப்பிட்ட திசையைப் பார்த்து இருக்க வேண்டும். பழைய புஷ்ஷைக் கழற்றுவதற்கு முன்பே அதன் இடைவெளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சப்ஃபிரேமில் ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். இதைச் செய்யாமல் உள்ளே அழுத்தப்பட்ட புஷ், மென்மையாக இருக்க வேண்டிய திசையில் விறைப்பாகவும், விறைப்பாக இருக்க வேண்டிய திசையில் தளர்வாகவும் ஆகிவிடும். மெல்லிய கைகள் சுமக்கவே கூடாத 700 கிலோவைச் சுமந்து, வருடத்துக்குள் கிழியும். அப்போது ரப்பர்மேல் பழி விழும்.

பழையதை எடுக்கும் முறை இன்னொன்று. கேஸ் வெல்டிங் டார்ச்சால் ரப்பரைக் கொளுத்திவிட்டு, வளையத்தைச் சுத்தியலால் அடித்து எடுப்பது நம் ஊரில் வெகு சாதாரணம். பல கார்களில் பெட்ரோல் டேங்க் டிஃப்ரன்ஷியலுக்குக் கைநீட்டும் தூரத்தில், ஷாஃப்டின் இரு பக்கமும் கவிந்து உட்கார்ந்திருக்கிறது. உயிரோடு விளையாடும் வேலை இது. டேங்க்குக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், சப்ஃபிரேமின் துருத்தடுப்புப் பூச்சு கருகும், துளை நெளியும். நெளிந்த துளையில் புதிய வளையம் இறுகாது. கொஞ்ச நாளில் முழு புஷ்ஷும் துளைக்குள் நகரத் தொடங்கும். சரியான வழி மெதுவானது. ரப்பரைத் துளைபோட்டு நடுக்குழாயை எடுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடால் வெளிவளையத்தை உள்ளிருந்து ஒரு கோடாக அறுக்க வேண்டும், சப்ஃபிரேமில் பிளேடு படாமல். வளையம் தன் இறுக்கம் விட்டுச் சுருங்கி வந்துவிடும். அல்லது மரையுள்ள தண்டும் பொருத்தமான அளவில் கடைந்த கிண்ணங்களும் கொண்ட இழுப்பான் வேண்டும். எந்த லேத் பட்டறையிலும் செய்து வாங்கலாம். துளையை எமரித்தாளால் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, புதியதை நேராக இழுத்து உட்கார்த்த வேண்டும். ஆயிலோ கிரீஸோ தடவக் கூடாது. கடைசியாக, ஜாக்கியால் டிஃப்ரன்ஷியலை மேலே நெட்டித் தள்ளிய நிலையில் போல்டுகளை இறுக்கிவிடக் கூடாது. ஜாக்கியை இறக்கி, கூடு தன் எடையில் இயல்பாகத் தொங்கும்போது, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் முதல் நாளிலிருந்தே ஒரு பக்கம் இழுபட்ட நிலையில் வாழும்.

இவ்வளவு வேலை. பாலி புஷ்ஷை வைஸில் வைத்தோ கையாலோ இரண்டு பாதியாகத் தள்ளிவிடலாம். இழுப்பான் வேண்டாம், திசையும் பெரும்பாலும் பார்க்க வேண்டாம். அது ஒர்க்ஷாப்களுக்குப் பிடிப்பதற்கான உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். உழைப்பைக் குறைக்கும் வழியைத் தேடுவதில் தவறில்லை. அந்தச் சௌகரியத்தை வண்டிக்காரருக்குத் தரமுயர்வு என்று விற்பதுதான் தவறு.

பந்தயக் காரில் கெட்டி புஷ் போடவில்லையா என்று கேட்பார்கள். போடுகிறார்கள், போடத்தான் வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடத்தைச் சுற்றும் காரில் உள்ளலங்காரம் கிடையாது, ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டிருக்கிறார், மூலையிலிருந்து வெளியேறும்போது காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எந்தத் தாமதமும் இருக்கக் கூடாது. பந்தயம் முடிந்ததும் கார் லிஃப்டில் ஏறும், ஒவ்வொரு காதும் தகடும் விரிசலுக்காகப் பார்க்கப்படும். விரிசல் கண்டால் மாற்றுவார்கள். அந்தக் கண்காணிப்பும் சேர்ந்ததுதான் கெட்டி புஷ். குடும்பத்தோடு திருச்சிக்கும் மதுரைக்கும் போகிற காரில் அந்தக் கண்காணிப்பு கிடையாது. தடத்துக்கென்றே ஒதுக்கிய கார் என்றால் என் வாதம் அங்கே செல்லாது, செல்ல வேண்டியதும் இல்லை.

எதிர்த்தரப்பிடம் இருக்கும் வலுவான வாதம் வேறு ஒன்று. சில கார்களுக்குக் கம்பெனி புஷ்ஷைத் தனியாக விற்பதே இல்லை; சப்ஃபிரேம் முழுவதையும் வாங்கு என்கிறது. அதன் விலை சிலசமயம் காரின் மறுவிற்பனை மதிப்பில் கணிசமான பங்கு. இது அநியாயம். இந்த அநியாயம்தான் பலரைப் பாலி பக்கம் தள்ளுகிறது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் கம்பெனிகளுக்கே இந்தப் பாகங்களை வார்த்துக் கொடுக்கும் லெம்ஃபோர்டர் போன்ற தயாரிப்பாளர்களின் ரப்பர் புஷ்கள் பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கின்றன. பாக எண்ணைச் சரிபார்த்து, பில்லோடு வாங்கினால் போலியையும் தவிர்க்கலாம். ரப்பர் எங்குமே கிடைக்காத அரிய பழைய காருக்குப் பாலி போடுவது வேறு வழியில்லாத ஏற்பாடு. அப்போதும் கிடைப்பதில் மிக மென்மையானதைப் போட வேண்டும்.

புஷ்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டுவதிலும் நிதானம் வேண்டும். ரப்பரின் மேல்தோலில் நுண்ணிய வெடிப்புகளைக் காட்டி “போச்சு” என்று சொல்வதை நம்ப வேண்டாம். வெயிலும் ஓசோனும் பட்ட எந்த ரப்பரிலும் அது இருக்கும். கடப்பாரையைச் சப்ஃபிரேமுக்கும் கூட்டுக்கும் நடுவில் கொடுத்து நெம்பும்போது ரப்பர் உலோகத்திலிருந்து விலகுகிறதா, கைகள் ஊடுருவிக் கிழிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங், நடு பேரிங், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்டுகள், சப்ஃபிரேம் புஷ் எல்லாமே அதே ‘டொக்’கைத் தரக்கூடியவை. இவற்றைப் பார்க்காமல் டிஃப்ரன்ஷியல் புஷ்ஷைக் கெட்டியாக்கினால், உண்மையான பழுது அங்கேயே இருக்க, அடி மட்டும் வேறிடத்துக்கு மாறும்.

வண்டி வைத்திருப்பவர்கள் இனி ஒர்க்ஷாப்பிடம் கேட்க வேண்டியவை சில. போட்ட புஷ் ரப்பரா பாலியா, யார் தயாரிப்பு, பாக எண் என்ன என்பது பில்லில் எழுதப்பட வேண்டும். கழற்றிய மூன்றையும் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். கிழிந்திருக்கும் திசையே பழைய பொருத்தம் சரியாக இருந்ததா என்று சொல்லிவிடும். காரை விற்கும்போது அந்தப் பில்லும் கைமாற வேண்டும். ‘முழுக்கப் பாலி புஷ் போட்ட வண்டி’ என்று விளம்பரத்தில் போட்டு விலையை ஏற்றுகிறார்கள். அப்படி ஒரு காரைப் பார்க்கப் போகிறவர், பேரம் பேசுவதற்கு முன் பின்சீட்டையும் டிக்கிக் கம்பளத்தையும் தூக்கிப் பார்க்கட்டும், காரை லிஃப்டில் ஏற்றிச் சப்ஃபிரேம் பூட்டிய நான்கு இடங்களிலும் தகட்டை டார்ச் அடித்துத் தேடட்டும். விரிசல் இருந்தால், அதைப் பற்றவைக்கும் செலவை விலையிலிருந்து கழித்துக் கேட்கட்டும்.